படத்துப் பேயைப் பூசாரிமார் ஒத்துக்கொள்ளுவினமோ?

கிளிநொச்சிப் பொடியன் | 03.07.2024

நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு குறும்படம் எடுக்கப்போறம். ஒரு குளக்கட்டு, ஒரு பேய், ஒரு பூசாரியார், அவ்வளவுதான் கதை. எழுதேக்குள்ள வாக்குவாதம் வந்திட்டுது. நான் சொல்லுறன், பேய்ப்படம் எண்டது பூசாரிமாருக்குச் சும்மா கிடைக்கிற விளம்பரம். படம் பார்த்துச் சனம் பயப்படுது, பயந்த சனம் நூல் கட்டப் போகுது. அதால மந்திரம் தெரிஞ்ச ஆக்களுக்குப் படத்துப் பேயோட ஒரு கோபமும் இருக்காது. விசயம் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

உடுக்கொலி | 03.07.2024

கோபம் இருக்கு தம்பி. பேயை மிஞ்சிச் சொல்லுறாங்கள் என்ற கோபம் இல்லை. பேய்க்கு இருக்கிற கட்டுப்பாடு முழுவதையும் படம் கழற்றி விட்டிடுது, அதுதான்.

படத்துப் பேய் எங்கேயும் வரும், எப்பவும் வரும், ஆரையும் பிடிக்கும். மடை (படையல்) வைக்கிறவருக்குத் தெரிந்த பேய் அப்படியில்லை. அதுக்கு இடம் உண்டு, நேரம் உண்டு, பிடித்ததுக்கு ஒரு காரணம் உண்டு, வாங்கிக்கொண்டு போக ஒரு பங்கு உண்டு. படலையில் வந்து நிற்கிற கடன்காரன் மாதிரி. கணக்கைப் பேசி முடித்தால் போகும், பேசாமல் அடித்தால் திரும்பி வரும்.

உடுக்கு அடித்து, உரு ஏறி (பேய் ஆளில் இறங்கி), ஆள் வாய் திறந்த பிறகு பூசாரியார் கேட்கிற ஒழுங்கைப் பார்: ஆர் நீ? எந்த இடத்தில பிடிச்சனி? என்ன நேரம்? அப்ப இவளின்ரை கையில என்ன இருந்தது? என்ன வேணும்? எப்ப போவாய்? போனதுக்கு என்ன அடையாளம் காட்டுவாய்? ஏழு கேள்வி. படத்தில் முதலாவதை மட்டும் கத்திக் கேட்பார்கள், உடனே கதவு படார் என்று அடிக்கும், கண்ணாடி உடையும். மிச்சம் ஆறும் இல்லை.

அந்த ஆறிலும்தான் வேலையே இருக்கு. "என்ன வேணும்" என்று கேட்டுவிட்டு அளவைக் கட்டாமல் விட்டால் கேள்வி வளரும். முதலில் ஒரு சேவல், பிறகு கிடாய், பிறகு வருசா வருசம் மடை. தெரிந்தவர் முதலே சொல்லிவிடுவார்: "இவ்வளவுதான், இதுக்கு மேல ஒண்டும் இல்லை." அடையாளம் கேட்காமல் விட்டால் இரண்டு கிழமையில் அதே ஆட்டம் வரும்போது போன பேய் திரும்பினதா, போகவேயில்லையா என்று சொல்ல வழியிருக்காது. பேய் விட்டுப் போகிற அடையாளமாக உச்சிமயிரில் ஒரு கொத்தை முடிந்து மரத்தில் ஆணி அடிக்கிறதும், பிடிபட்டவர் கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடி மரத்தடியில் போடுவதும் தமிழ்நாட்டிலும் உள்ள வழக்கம். ஒரு படமெடுப்பவருக்கு இதைவிட நல்ல கடைசிக் காட்சி வேறென்ன வேணும்?

மடுவழி | 04.07.2024

உடுக்கொலி அண்ணை சொன்ன கேள்வி ஒழுங்கு எங்கட கத்தோலிக்கப் பக்கத்திலயும் இருக்கு. 1614 இல் ரோமில் வெளிவந்த சடங்கு நூலில் பேயோட்டும் குருவானவருக்கு எழுதியிருக்கிற அறிவுரையே இதுதான்: எத்தனை ஆவி, பெயர் என்ன, எப்ப புகுந்தது, ஏன் புகுந்தது. இவ்வளவையும் கேள், தேவையில்லாத கேள்வி கேட்டு அதோட கதை வளர்க்காதே. அதுக்கு முந்தி இன்னொரு வரி இருக்கு, ஒருவரைப் பேய் பிடித்திருக்கு என்று லேசில் நம்பாதே. படங்கள் சிலுவையையும் தீர்த்தத்தையும் எடுத்துக்கொண்டுது, இந்த வரியை மட்டும் எடுக்கவில்லை. இண்டைக்கும் ஆயரின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் எந்தக் குருவும் இதைச் செய்ய ஏலாது, திருச்சபைச் சட்டம் 1172. படத்தில் வாற குருமார் அரைவாசிப்பேர் அனுமதி எடுக்காமல்தான் வீட்டுக்குள்ள போறவை.

மடு மாதா கோயிலில் நடக்கிறதைப் பார்த்தவை அறிவினம். அங்க பெரும்பாலும் சத்தமே இல்லை. செபமாலை சொல்லுவினம், அழுவினம், நேர்த்தி வைப்பினம், மடு மண்ணைப் பொட்டளியில் கட்டிக்கொண்டு போவினம். அந்த மண் பாம்புக்கடிக்கு என்று வைத்திருக்கிறவை இப்பவும் உண்டு.

உடுக்கொலி | 04.07.2024

நேரத்தைப் பற்றி எழுத வேணும். படத்துப் பேய்க்கு விடியப்புறம் 3 மணி. அது கிறிஸ்தவ நாடுகளில் வளர்ந்த எண்ணம், இயேசு உயிர்விட்ட பின்னேரம் 3 மணியைத் தலைகீழாக்கியது. நாங்கள் அதை அப்படியே இறக்குமதி செய்து தமிழ்ப் படத்திலும் மணிக்கூட்டைக் காட்டுகிறோம்.

வன்னியில் கேட்டுப் பார். உச்சிப்பொழுது, மைம்மல் (பொழுதுபடுகிற நேரம்), நடுச்சாமம். மூன்றிலும் கனம் கூடினது உச்சி. மத்தியானம் 12 மணிக்குப் புளியடியால், பாலையடியால் தனியப் போகாதே என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்வது. இறைச்சிக்கறியோ பொரியலோ அயல்வீட்டுக்குக் கொடுத்து விடும்போது பேய் தொடராமல் இருக்க மேலே ஒரு கரித்துண்டு வைப்பார்கள், இல்லாவிட்டால் ஒரு இரும்பாணி. மேலே நான் எழுதின "கையில என்ன இருந்தது" என்ற கேள்வி இதற்காகத்தான்.

கிளிநொச்சிப் பொடியன் | 04.07.2024

பட்டப்பகல்ல பேய் எண்டா ஆர் அண்ணை பயப்பிடுவினம்? லைட்டிங் எப்பிடிச் செய்யிறது?

உடுக்கொலி | 05.07.2024

வெயிலே போதும். அதைப் பிறகு எழுதுகிறேன்.

எல்லைக்கிராமம் | 06.07.2024

வவுனியாவுக்குத் தெற்கே சிங்களக் கிராமங்களில் ஆடுகிற தொவில் என்ற பேயோட்டும் சடங்கைப் பார்த்தவர்களுக்கு உடுக்கொலி அண்ணை சொல்வது இன்னும் நல்லாப் புரியும். சன்னி யக்கும என்ற சடங்கில் 18 நோய்ப்பேய்கள் முகமூடியோட வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வருத்தம்: ஒன்று செவிடு, ஒன்று குருடு, ஒன்று சத்தி (வாந்தி), ஒன்று குளிர்காய்ச்சல். எல்லாப் பேயும் வெசமுனி என்ற அரசனின் ஆணைக்குக் கீழ்ப்பட்டது. நாங்கள் குபேரன் என்கிற அதே வைச்சிரவணன்தான். அவர் கொடுத்த அனுமதிக்கு மேல் ஒரு பேயும் போக ஏலாது. பங்கை வாங்கினால் விட்டிட்டுப் போக வேணும்.

படங்களில் நான் ஒருக்காலும் காணாத பகுதி, நடுச்சாமத்துக்குப் பிறகு வரும். பேய் சபைக்கு வரும், மேளகாரர் அதோட வாய் கொடுப்பார். பேய் தன்ரை பெருமை பேசும், அவர் மடக்குவார், அது தடுமாறும், சபை வயிறு நோகச் சிரிக்கும். நோயாளியும் சிரிக்க வேணும். நோயாளி சிரித்தால் பாதி வேலை முடிந்தது. இந்தப் பகிடியையும் சேர்த்து இந்தச் சடங்குகளைப் பற்றி புரூஸ் கப்ஃபெரர் என்ற மானிடவியலாளர் 1983 இல் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். பயத்தைப் பெருப்பித்துக் கடைசியில் உடைப்பதுதான் சடங்கின் ஒழுங்கு. படம் பெருப்பித்த பயத்தைத் தியேட்டர் வாசல்வரை காவிக்கொண்டு போகவிடுது.

உடுக்கொலி | 06.07.2024

இதை வாசித்த பிறகு ஒன்று தோன்றுது. தமிழில் கொஞ்சக் காலமாக வருகிற சிரிப்புப் பேய்ப்படங்களைப் பழித்துத்தான் எல்லாரும் எழுதுகிறார்கள். சடங்கின் பக்கம் நின்று பார்த்தால், உர் என்று முகத்தை வைத்திருக்கிற வெளிநாட்டுப் படங்களைவிட அவை பழைய ஒழுங்குக்குக் கிட்டவாக இருக்கு. பேய் வரும், ஆட்டி வைக்கும், பகிடிக்கு உள்ளாகும், தன் குறையைச் சொல்லும், கேட்டதைப் பெற்றுக்கொண்டு போகும். 2011 இல் வந்த 'காஞ்சனா'வில் பேய்க்குக் கதை சொல்ல இடம் கொடுத்திருக்கிறார்கள். அதன் வழக்கைச் சபை கேட்குது. அதை நான் மதிக்கிறேன்.

அந்த வரிசையின் முதற்படத்துக்கு 2007 இல் 'முனி' என்று பெயர் வைத்தார்கள். அதில் வருவது முனியாண்டி என்ற செத்துப்போன மனிசனின் ஆவி. வன்னியில் முனி செத்தவன் இல்லை. அது மரத்தோட, வெளியோட, குளத்தோட நிற்கிறது. அதற்குப் பழிவாங்க ஒரு கதையும் கிடையாது. அதன் எல்லைக்குள் அசுத்தமாக நுழைந்தால் அடிக்கும், விலகினால் விடும். படக்காரருக்குக் கதை வேணும், அதனால் எல்லாப் பேயையும் கொலை செய்யப்பட்ட ஆளாக்கிப்போட்டார்கள். ஐயனார், வைரவர், காளி, அண்ணமார், நாச்சிமார், முனி, காட்டேறி, கொத்தி என்று இருந்த ஒரு பெரிய சபை முழுவதும் ஒரே வெள்ளைச்சீலைக்குள் சுருங்கிப் போச்சு.

மருந்தறை | 09.07.2024

எல்லாரும் சடங்கைப் பற்றி எழுதுறியள். படம் பார்த்துச் சனம் பேய் என்று எதை அடையாளம் காணப் பழகுது என்று நான் எழுதுறன். கண் செருகிறது, வாய் குழறுறது, உடம்பு முறுக்கிறது, நுரை தள்ளுறது, குழந்தையைத் தள்ளிவிடுற தாய். ஒவ்வொன்றுக்கும் வேற காரணம் இருக்கு.

இரவில் நிலத்தில் பாய் போட்டுப் படுத்தவர் விடியக்காலை வயிற்றுநோ, சத்தி என்று எழும்பி, பிறகு இமை கீழே விழுந்து, பேச்சுக் குழறினால் முதலில் நினைக்க வேண்டியது கட்டுவிரியன். கடித்த இடத்தில் வீக்கம் இராது, நோவும் பெரிசா இராது, பல்லடையாளம் தேடினாலும் கிடைக்காது. ஆள் நினைவோட இருப்பார், சொல்ல வாய் வராது. மூச்சுத் தசை நின்றால் முடிஞ்சுது. உடுக்கு அடிக்கிற நேரம் முழுக்க அவருக்கு மூச்சு அடங்கிக்கொண்டிருக்கும்.

வலிப்பு வந்தால் கையில் இரும்பு திணிக்கிறது, வாய்க்குள்ள கரண்டி வைக்கிறது ரெண்டும் கூடாது. பக்கவாட்டில சரிச்சுப் படுக்க வையுங்கோ, தலைக்குக் கீழே துணி, நேரத்தைப் பாருங்கோ. 5 நிமிசத்துக்கு மேல போனால் வண்டி பிடியுங்கோ.

பிள்ளை பெத்து ரெண்டு கிழமைக்குள்ள தாய் நித்திரை இல்லாமல், சம்பந்தமில்லாமல் கதைச்சு, குழந்தையைப் பார்த்துப் பயந்தால் அது அவசர வருத்தம். அண்டைக்கே காட்ட வேணும், தாயையும் பிள்ளையையும் தனிய விடக்கூடாது. மருந்தால் மாறுற வருத்தம் இது.

காய்ச்சல் பிதற்றலும் அப்படித்தான். மலேரியா இந்தக் காட்டில எத்தனையோ தலைமுறைக்குப் பேயாகத்தான் தெரிஞ்சுது. 2016 இல் இலங்கைக்கு மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. காட்டுக்குப் போய்க் குளிர்காய்ச்சலோட வந்து பிதற்றுற ஆள் இப்ப எத்தினை பேர்?

பிறகு அந்த மிளகாய்ப் புகை. படத்தில் மூஞ்சைக்கு நேரே பிடிக்கினம். மூச்சுத்திணறல் உள்ள பிள்ளையின்ரை சுவாசக்குழாய் அந்த இடத்திலயே அடைச்சுப்போகும். பிரம்படியும் பட்டினியும் இதோட சேர்ந்தது. தயவுசெய்து உங்கட குறும்படத்தில் இதைக் காட்டாதையுங்கோ.

உடுக்கொலி | 10.07.2024

மருந்தறை அக்கா எழுதினது ஒவ்வொரு கோயிலடியிலும் ஒட்ட வேண்டியது.

மிளகாயைப் பற்றிச் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நாவூறு கழிக்கிற முறையில் செத்தல் மிளகாய் மூன்று, கல்லுப்பு ஒரு பிடி, முச்சந்தி மண் ஒரு சிட்டிகை. தலையிலிருந்து கால்வரை மூன்று தரம் சுற்றி இறக்கி, வெளியே அடுப்பில் போட வேணும். அந்த "வெளியே" தான் முறை. ஆளை அடைத்து வைத்துப் புகை பிடிக்கிறது முறை இல்லை. அது அரைகுறைகள் செய்கிற வேலை, காட்சிக்கு விறுவிறுப்பு வேணும் என்று படக்காரர் அதையே காட்டுகிறார்கள்.

தெரிந்த பூசாரியார் உடுக்கை எடுக்க முந்தி பார்க்கிற மூன்று சங்கதி உண்டு. ஆட்டம் நித்திரையிலும் வருகிறதா. விழும்போது நாக்குக் கடிபடுகிறதா, சலம் போகிறதா. உடுக்கின் தாளம் மாற ஆட்டமும் மாறுகிறதா. முதல் இரண்டுக்கும் ஓம் என்றால் அவர் விபூதி மட்டும் பூசி "பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ, பிறகு பார்ப்பம்" என்பார். கலை (சாமி) வந்தவர் கண்ணை மூடி ஆடினாலும் பந்தத்தில் போய் விழமாட்டார், பக்கத்தில் நிற்கிற குழந்தையை மிதிக்கமாட்டார். உரு ஏறும்போது முதலில் கொட்டாவி, பிறகு முழங்காலில் நடுக்கம், பிறகு மூச்சு, கடைசியில்தான் குரல். இறங்கின பிறகு தண்ணி விடாய், உடம்பு அலுப்பு. தலை முழுவட்டம் சுற்றுவது, சுவரில் ஏறுவது எல்லாம் படத்துக்குரியது.

அம்மாள் வருத்தத்தையும் இதற்குள் கலக்கக் கூடாது. கொப்புளிப்பான் போட்ட வீட்டில் பேயோட்டுகிற வழக்கமே இல்லை. வேப்பிலை, குளிர்ச்சியான சாப்பாடு, சத்தம் போடாமல் இருத்தல், மாறினதும் தண்ணி வார்த்தல். வருத்தத்தைத் தந்தவளே மாற்றுகிறவள் என்று நம்புகிற ஊர் இது. வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கலுக்கு, முல்லைத்தீவுக் கடலில் எடுத்த உப்புத்தண்ணியில் காட்டு விநாயகர் கோயிலில் விளக்கெரிக்கிறார்கள். அந்த அம்மாளுக்குக் கோபமும் உண்டு, தயவும் உண்டு. நல்ல சக்தி ஒரு பக்கம், கெட்ட சக்தி மறுபக்கம் என்று படம் போடுகிற கோட்டை அங்கே போட ஏலாது.

செப்புத்தகடு | 14.07.2024

வெளிநாட்டு மந்திர வழியில் இருப்பவர்களும் இதே குறையைத்தான் சொல்கிறார்கள். பேயைக் கூட்டிச் சொன்னதில் அவர்களுக்கு வருத்தம் குறைவு. ஆளை மாற்றிச் சொன்னதுதான் வருத்தம்.

2016 இல் வந்த 'த கொன்ஜுரிங் 2' இல் வலாக் என்ற பேய் கன்னியாஸ்திரி உருவில் வரும். அந்தப் பெயர் ஆவிகளைக் கூப்பிடுகிற 17 ஆம் நூற்றாண்டுக் கையேடான கோயேத்தியாவில் இருக்கிற 72 ஆவிகளில் 62 ஆவது. அங்கே அது தேவதூதனின் இறகு உள்ள ஒரு சின்னப் பையன். இரண்டு தலைப் பறவைநாகத்தின் மேல் ஏறி வரும். அதன் வேலை புதையல் இருக்கிற இடத்தைச் சொல்வதும் பாம்புகள் எங்கே இருக்கின்றன என்று காட்டுவதும். புதூர் நாகதம்பிரானிடம் பால் கொண்டு போகிற சனத்துக்கு அந்தப் பையனைக் கண்டால் பயம் வராது, உபயோகம்தான் தெரியும்.

2018 இன் 'ஹெரெடிட்டரி' இல் வருகிற பைமோன் அதே வரிசையில் 9 ஆவது. ஒட்டகத்தில் வரும் அரசன், முன்னால் வாத்தியகோஷ்டி, 200 படையணி. கலையும் அறிவியலும் கற்றுக் கொடுப்பவர். அந்த வழியில் உள்ளவர் படத்தில் தேடுவது வட்டத்தையும் முக்கோணத்தையும். கூப்பிடுகிறவர் 9 அடி அகல வட்டத்துக்குள் நிற்க வேணும். அதிலிருந்து 2 அடி தள்ளி, 3 அடி அகலத்தில் முக்கோணம், ஆவி வந்து நிற்பது அதற்குள். வேலை முடிந்ததும் விடை கொடுக்கிற வாசகம் ஒன்று கட்டாயம் சொல்ல வேணும். அதைச் சொல்லாமல் வட்டத்தை விட்டு வெளியே வருவதைத்தான் அந்தக் கையேட்டுக்காரர் பெரிய பிழையாக எண்ணுவார்கள். படங்களில் கூப்பிடுகிற காட்சி இருக்கும், விடை கொடுக்கிற காட்சி இராது.

உடுக்கொலி | 14.07.2024

அதுதான் விசயம். எங்கள் பக்கத்திலும் வழியனுப்பாமல் விட்ட மடை முடிந்த மடை இல்லை. கும்பத்தைச் சரிக்க வேணும், வைரவருக்கு மடை வைக்க வேணும், பொங்கலுக்கு எட்டாம் நாள் எட்டாம் மடை வைக்க வேணும். கழிப்புச் சாமான்களை முச்சந்தியிலோ ஓடுகிற தண்ணியிலோ விட்டுத் திரும்பிப் பார்க்காமல் வர வேணும். குளத்தில் விடக்கூடாது, குளம் தேங்கி நிற்கிறது.

'எக்ஸார்சிஸ்ட்' பற்றியும் எழுதுங்கோ செப்புத்தகடு. அந்தப் பேயின் கதையை இங்கே கன பேருக்குத் தெரியாது.

செப்புத்தகடு | 15.07.2024

1973 படம். தொடக்கத்தில் ஈராக்கில் நிற்கிற சிலை பசுசு. அசீரிய, பாபிலோனிய நாட்டுக் காற்றுப் பேய்களின் அரசன். பாரிஸ் லூவர் நூதனசாலையில் ஒரு வெண்கல உரு இருக்கு, 15 சென்றிமீற்றர் உயரம். நாலு சிறகு, பறவைக் கால்நகம், தேள் வால், ஒரு கை மேலே ஒரு கை கீழே. தலை உச்சியில் ஒரு வளையம் வார்த்திருக்கிறார்கள், கயிறு கோர்த்துத் தொங்கவிடுவதற்கு. ஏன் தொங்கவிட்டார்கள்? லமஸ்து என்ற பெண்பேய் பிள்ளைத்தாய்ச்சியையும் பச்சைக் குழந்தையையும் பிடிக்கும். அவளைத் துரத்துகிறவன் பசுசு. பிள்ளை பெறுகிற பெண்ணுக்கு அவன் தலையைத் தாயத்தாகக் கட்டினார்கள்.

படம் அவனை எடுத்து ஒரு 12 வயதுப் பிள்ளையைப் பிடிக்கிற பேயாக்கியது. காவல்காரனையே கள்ளனாக்கின கதை. பழைய மெசொப்பொத்தேமிய முறைகளைத் திரும்பப் படிக்கிறவர்கள் இன்றைக்கும் இதைச் சொல்லிச் சொல்லி வருந்துகிறார்கள்.

உடுக்கொலி | 15.07.2024

லமஸ்து எங்கள் கொத்தி. பிள்ளைப்பெறு வீட்டு வாசலில் வேப்பிலையும், தலைமாட்டில் சத்தகமும் (சிறு கத்தி) வைப்பது அவளுக்காகத்தான். அவளிடமிருந்து காவல் யார்? வைரவர். நாயோட, சூலத்தோட, கோரமாக நிற்கிறவர். உக்கிரமான முகம் காவலுக்குரியது. படத்தில் கோரமாக இருப்பதெல்லாம் கெட்டது. வைரவர் சூலத்தைக் கண்டால் ஒரு வெளிநாட்டுப் படக்காரர் எந்தப் பக்கம் நிறுத்துவார் என்று யோசித்துப் பாருங்கோ.

கிளிநொச்சிப் பொடியன் | 18.07.2024

எங்கட கதையில பூசாரியார் தேசிக்காய் வெட்ட இரத்தம் வருது. எழுதியாச்சு. அது சரிதானே?

செப்புத்தகடு | 18.07.2024

வேண்டாம் தம்பி. அது எப்படி வருது தெரியுமோ? செவ்வரத்தம்பூ இதழைக் கத்தி அலகில் நல்லாத் தேய்த்துக் காயவிட்டால் அலகு கறுப்பாகத் தெரியும், ஒருவரும் கவனிக்கமாட்டார்கள். தேசிப்புளி பட்டதும் அந்தச் சாயம் சிவக்கும். சுண்ணாம்பும் மஞ்சளும் சேர்ந்து சிவக்கிறது வேற சங்கதி, அது ஆலாத்தித் தண்ணிக்கு. கொண்டீஸும் (பொட்டாசியம் பெர்மாங்கனேற்) கிளிசரினும் சேர்த்து நெருப்பில்லாமல் யாகம் பற்றவைக்கிறவர்களும் உண்டு. சூனியம் கிண்டி எடுக்கிறேன் என்று வருபவர் தகட்டைத் தன் மடியில் கொண்டு வருவார். கிடங்கை வெட்ட உங்களை விடுவார், கடைசிப் பிடி மண்ணை மட்டும் தான் எடுப்பார்.

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படிப்பித்த ஆபிரகாம் கோவூர் 1978 இல் இறக்கும்வரை இவற்றை ஊரூராக உடைத்துக் காட்டினவர். அற்புதம் செய்து காட்டினால் ஒரு லட்சம் ரூபா என்று பந்தயம் வைத்தார், எடுத்தவர் இல்லை.

உடுக்கொலி | 19.07.2024

நேர்மையாகச் செய்கிற பூசாரிமாருக்குக் கோவூரோடு கோபம் இல்லை, அந்தத் தகட்டுக்காரரோடுதான். படங்கள் காட்டுவதும் அந்தத் தகட்டுக்காரரின் வித்தையைத்தான், ஏனென்றால் அதில்தான் இரத்தமும் நெருப்பும் இருக்கு.

தேசிக்காய் வெட்டுகிற சரியான முறை: பாக்குவெட்டி. கத்தி இல்லை. ஏழு காய் வழக்கம். தலை, தோள், நெஞ்சு, இடுப்பு, முழங்கால், கால் என்று மேலிருந்து கீழே காயைப் பிடித்துப் பிடித்து வெட்டி, இரண்டு பாதியையும் தண்ணிச் சட்டியில் போட வேணும். சிங்களப் பக்கத்திலும் இதே பாக்குவெட்டிதான். கமராவைச் சட்டிக்கு மேலே வை. பாதிகள் விழுகிற சத்தமும், பாக்குவெட்டியின் நறுக் சத்தமும், பிடிபட்டவரின் கண் அதைத் தொடர்ந்து கீழே இறங்குவதும் போதும்.

எல்லைக்கிராமம் | 21.07.2024

மந்திரத்தைப் படத்தில் அப்படியே சொல்லலாமோ? உரு ஏற்றாத மந்திரத்துக்குப் பலம் இல்லை, 1008 தரமாவது செபிக்காமல் நடிகர் வாயால் சொன்னால் அது வெறும் வசனம் என்று ஒரு கட்சி. தெரியாமல் கூப்பிட்டாலும் கூப்பிட்டதுதான் என்று மறு கட்சி.

செப்புத்தகடு | 21.07.2024

1996 இல் 'த கிராஃப்ட்' என்ற படத்துக்கு விக்கா என்ற இக்கால மந்திர வழிபாட்டில் உண்மையாகவே இருக்கிற பெண் ஒருவர் ஆலோசகராக இருந்தார். மனோன் என்று இல்லாத ஒரு தெய்வத்தின் பெயரைப் படத்துக்கென்றே உண்டாக்கினார்கள், பார்க்கிற பிள்ளைகள் கடற்கரையில் போய் உண்மையான பெயரைச் சொல்லிக் கூப்பிடக்கூடாது என்று. இரண்டு கட்சிக்கும் அது பொருந்தும். நீங்களும் பெயரை உண்டாக்குங்கோ.

பெயர் விசயத்தில் கவனமும் வேணும். மலையாளத்தில் 2024 பெப்ரவரியில் 'பிரமயுகம்' வரும்போது மம்மூட்டியின் பாத்திரத்துக்கு முதலில் குஞ்சமண் போற்றி என்று பெயர். மந்திரத்துக்குப் பேர்போன புஞ்சமண் இல்லத்தார் தங்கள் குடும்பத்தைக் கெடுதி செய்கிறவர்களாகக் காட்டுகிறது என்று கேரள உயர்நீதிமன்றம் போனார்கள். படக்காரர் கொடுமண் போற்றி என்று மாற்றினார்கள். படத்தைப் பற்றி மந்திரவாதிகள் என்ன நினைப்பார்கள் என்று கேட்கிறாயே தம்பி, அது வழக்காகவே வந்தது.

உடுக்கொலி | 28.07.2024

இதை எழுதுவதா விடுவதா என்று இருந்தேன்.

படங்களில் கிரியை செய்யப்படாமல் செத்தவர் பேயாக வருவார், எலும்பைக் கண்டெடுத்து எரித்ததும் அமைதியாவார். இந்தக் கதையை வன்னியில் எடுப்பவர் இருமுறை யோசிக்க வேணும். 2009 க்குப் பிறகு இங்கே கிரியை செய்யப்படாதவர்கள் எவ்வளவு பேர். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் கிளிநொச்சியில் 20.02.2017 இல் இருந்த இடத்தை விட்டு இன்னும் எழும்பவில்லை. அந்தத் தாய்மார் கட்டு (குறி) கேட்கவும் போகிறவர்கள். தெரிந்த பூசாரியார் "இல்லை" என்ற சொல்லை அவர்களுக்குச் சொல்வதில்லை. திசை சொல்வார், தண்ணியைத் தாண்டி என்பார், விளக்கு வை என்பார். கிரியை செய் என்று தானாகச் சொல்லவே மாட்டார். அவர்கள் கேட்டு வந்தாலொழிய.

இந்த ஊரில் போரில் போனவரைப் பேய் என்று யாரும் சொல்வதில்லை. குறும்படத்திலும் சொல்ல வேண்டாம். முனி போதும்.

கிளிநொச்சிப் பொடியன் | 29.07.2024

சரி அண்ணை. செத்த ஆளின்ரை கதையை எடுத்திட்டம். முனியை வைச்சே எழுதுறம், வெட்டக்கூடாத பாலைமரத்தை வெட்டப்போற ஒருத்தன். பகல் லைட்டிங் சொல்லுறன் எண்டனீங்கள்.

உடுக்கொலி | 30.07.2024

கிளிநொச்சிக்கு வருசத்தில் இருமுறை சூரியன் நேர் உச்சிக்கு வரும். சித்திரைப் புதுவருசத்தை ஒட்டி ஒருமுறை, ஓகஸ்ட் கடைசியில் 28 ஆம் திகதி அளவில் மறுமுறை. அந்த நாட்களில் மத்தியானம் 12 மணி 10 நிமிசம் போல் நிமிர்ந்து நிற்கிறவரின் நிழல் காலடிக்குள் போய்விடும். முன்பின் இரண்டு நாள் போனாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. மொத்தம் பத்து நிமிசம்தான் கிடைக்கும், ஆகவே காலை 11 மணிக்கே இடத்தையும் கமராவையும் சரி பார். நிழலில்லாத ஆள் முனி, நிழலில்லாத ஆள் மரம் வெட்டுகிறவன். இரண்டு பேரும் ஒரே சட்டத்துக்குள் நிற்கட்டும். வேற லைட் வேண்டாம்.

காட்டுக்குள் நுழையும் காட்சியில் அவன் காட்டுத் தெய்வத்துக்குக் குழை முறித்துப் போடாமல் போகட்டும். வன்னிச் சனம் அந்த இடத்திலேயே நிமிர்ந்து இருக்கும், பேய் வர முந்தியே.

மைம்மலில் படமெடுக்காதையுங்கோ, யானை இறங்குகிற நேரம். பாதையை விட்டு உள்ளே போகாதையுங்கோ. மிதிவெடி அகற்றி முடியாத துண்டுகள் இன்னும் இருக்கு, சிவப்புப் பலகையைக் கண்டால் திரும்புங்கோ.

மருந்தறை | 30.07.2024

சாம்பிராணிக்குச் சிரட்டைக்கரி வெளியில வைச்சுப் பற்றவையுங்கோ, கரிப்புகை அடங்கின பிறகு உள்ள கொண்டு வாங்கோ. யன்னல் திறந்திருக்கட்டும். சப்பாத்து எல்லாரும் போடுங்கோ.

உடுக்கொலி | 31.07.2024

இன்னும் ஒன்று. குளக்கட்டு ஐயனாருக்கு முன்னால் எடுக்கிறதென்றால் அந்தக் கோயில் பூசாரியாரிடம் ஒரு கிழமைக்கு முந்தியே போய்க் கேள், வெற்றிலை பாக்கோட போ. படத்துக்கென்று மடை பரவினால் நிறைகுடத்தில் தண்ணி விடாதே, திரியைக் கொளுத்தாதே, வெறும் காட்சியாகவே இருக்கட்டும். கொளுத்தத்தான் வேணும் என்று அடம்பிடித்தால், அவரையே கூப்பிட்டு வைத்து எடு. கமராவை நிற்பாட்டின பிறகு அவர் மடையை எடுத்து முடிக்கும்வரை சாமான்களைக் கட்டாதையுங்கோ.